தம்பியின் பெயரைக் கேட்டவள்

இலங்கையில் போர் முடிந்த அந்த வருடம், மாசி மாதம், நான் டென்மார்க்கின் ஹோர்சன்ஸ் நகரை விட்டுக் கிரீன்லாந்துக்குப் போனேன். இதைச் சொன்னால் இன்றைக்கும் எங்கள் ஆட்கள் என்னை ஒரு மாதிரிப் பார்ப்பார்கள். டென்மார்க்கில் இருந்த தமிழர்கள் வேலைக்கு லீவு போட்டுவிட்டு பஸ் பிடித்துத் தலைநகருக்குப் போய்ப் பனியில் பதாகையோடு நின்ற நாட்கள் அவை. நானோ வேறு பக்கம் விமானம் ஏறினேன். எங்கள் தேவாலயச் சபையில் பக்கத்து வாங்கில் இருக்கும் அக்கா ஒருத்தி முகத்துக்கு நேரே கேட்டாள்.

"அங்க நாடு பத்தி எரியுது. நீ பனிக்கரடிக்குச் சோறு காச்சப் போறியோ?"

அவள் கேட்டதில் பிழையில்லை. எனக்குக் கோபம் வந்தது என்பதும் உண்மை. ஹோர்சன்ஸில் முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை செய்கிறவள் நான். கிரீன்லாந்தின் சின்னக் குடியிருப்புகளில் வயோதிபரைப் பார்க்க ஆளில்லை, ஆறு மாதம் தொண்டராக வருகிறவர்கள் வரலாம் என்று ஒரு அமைப்பு கேட்டிருந்தது. முந்திய கோடையில், பிள்ளைகள் ஓரளவு வளர்ந்துவிட்ட தைரியத்தில், விண்ணப்பம் போட்டேன். போர் இறுகியபோது வரமாட்டேன் என்று ஒரு கடிதம் எழுதியிருந்தால் போதும். நான் எழுதவில்லை.

காரணம் தொண்டு மனமல்ல. நான் ஓடினேன். என் ஒரே தம்பி மனைவியோடும் மகளோடும் வன்னிக்குள் அகப்பட்டிருந்தான். வீட்டில் தொலைக்காட்சி நாள் முழுக்க ஓடியது.  தை மாதம் ஒருமுறை அவன் எங்கிருந்தோ எடுத்துக் கதைத்தான். நான் வழக்கம்போலக் கேட்டேன்.

"சாப்பிட்டியாடா?"

"நீ வந்து சமை, சாப்பிடுறன்."

அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்த இரண்டு வருடமும் நான்தான் அவனுக்குச் சமைத்துப் போட்டவள். அன்று தொடங்கிய பகிடி அது. முப்பது வருடமாக நான் கேட்பேன், அவன் அதையே சொல்வான். அந்த அழைப்புக்குப் பிறகு அவனிடமிருந்து சத்தமில்லை.

"நீர் போம்," என்றார் கணவர். "இஞ்ச இருந்து சுவரைப் பாத்துக்கொண்டு இருக்கிறதுக்கு அங்க போய் ஆருக்காவது உதவி செய்யும். ஏதும் தெரிய வந்தால் நான் உடன எடுத்துச் சொல்லுவன்."

அரிசி, பருப்பு, கறித்தூள் எல்லாவற்றையும் ஒரு பெரிய பெட்டியில் கட்டி, ஓல்போர்க் துறைமுகத்திலிருந்து கிரீன்லாந்துக்குப் போகும் கப்பலுக்குக் கொடுத்தார். கப்பலுக்கு முன்னால் நான் போய்விடுவேன், பெட்டி பின்னால் வரும் என்று நினைத்தோம். கடல் ஆனி மாதம் வரைக்கும் உறைந்து கிடக்கும் என்று எங்கள் இருவருக்கும் தெரியாது.

ஹெலிகொப்டர் என்னை இறக்கிவிட்ட ஊரில் நூற்றுச் சொச்சம் பேர் இருந்தார்கள். சிவப்பும் நீலமுமாக மரவீடுகள், ஒரு கடை, ஒரு பள்ளிக்கூடம், ஒரு தேவாலயம். வீடுகளுக்குக் குழாய்த் தண்ணீர் கிடையாது. பொதுக் குழாயில் பிடித்துப் பனிச்சறுக்கு வண்டியில் இழுத்து வரவேண்டும். ஊரின் முனையில் ஒரு வீட்டில் நான்கு வயோதிபர்கள். அவர்களைப் பார்ப்பதுதான் என் வேலை. அந்த வீட்டுக்குப் பொறுப்பாக இருந்த பெண்தான் எனக்கு அடுத்த வீட்டுக்காரியும். முப்பது வயதிருக்கும். இரண்டு பிள்ளைகள், மூன்றாவது வயிற்றில். அவளுக்கும் எனக்கும் டேனிஷ் இரண்டாம் மொழி என்பதால் இரண்டு பேரும் ஆறுதலாக, சொல் தேடித் தேடிக் கதைத்தோம். டேனிஷில் சின்னவர், பெரியவர் எல்லாருக்கும் 'நீ'தான். அவள் சொன்னவை என் நினைவில் எங்கள் தமிழிலேயே கேட்கின்றன. அப்படியே எழுதுகிறேன்.

ஹோர்சன்ஸில் எங்களுக்கு ஒரு தாள் தருவார்கள். இன்னாரைக் குளிப்பாட்ட இத்தனை நிமிடம், காலுறை போட இத்தனை நிமிடம். பதினைந்து வருடம் அந்தத் தாளோடு ஓடிய கால்கள் என்னுடையவை. முதல் நாள் காலை ஒன்பது மணிக்குள் நான்கு பேரையும் கழுவி, உடுப்பு மாற்றி, சாப்பாடு கொடுத்து, கட்டில் விரித்து, நிலமும் துடைத்துவிட்டேன். பெருமையாக நின்றேன். அடுத்த வீட்டுக்காரி வந்து சுற்றிப் பார்த்தாள்.

"நீ எல்லாத்தையும் ஒன்பது மணிக்கே முடிச்சிட்டாய். இனிப் பின்னேரம் வரைக்கும் இவை என்ன செய்யிறது?"

நான்கு பேரும் வாரி இழுத்த தலையோடு என்னை முறைத்துக்கொண்டிருந்தார்கள்.

அடுத்த நாள் ஒரு முதியவரிடம் தேத்தண்ணி வேணுமா என்று கேட்டேன். அவர் புருவத்தை உயர்த்தினார். தேத்தண்ணி என்றால் என்னவென்று தெரியாமல் வியக்கிறாராக்கும் என்று நினைத்துப் பெட்டியை எடுத்துக் காட்டினேன். மறுபடி உயர்த்தினார். கோப்பையையும் காட்டினேன். மனிதருடைய புருவம் நெற்றியின் உச்சிக்கே போனது. அந்த ஊரில் புருவத்தை உயர்த்தினால் ஓம், மூக்கைச் சுருக்கினால் இல்லை. வாயைத் திறந்து பதில் சொல்லும் பழக்கம் அவர்களுக்குக் குறைவு. இது எனக்கு விளங்குவதற்குள் அவர் மூன்று தடவை ஓம் சொல்லிக் களைத்துப்போனார்.

அதைவிட என்னைப் படுத்தியது விருந்தாளிகள். கதவு தட்டும் வழக்கமே அங்கே இல்லை. கைப்பிடியைத் திருப்புவார்கள், சப்பாத்தைக் கழற்றுவார்கள், வந்து இருப்பார்கள். கோப்பி ஊற்றிக் கொடுத்தால் குடிப்பார்கள். ஒரு மணித்தியாலம் ஒன்றும் கதைக்காமல் யன்னலால் வெளியே பார்த்துவிட்டு எழும்பிப் போய்விடுவார்கள். எங்கள் ஊரில் ஒருவர் வீட்டுக்கு வந்து கதைக்காமல் இருந்தால் சண்டை என்று அர்த்தம். நான் அந்தரப்பட்டு, காலநிலை, பிள்ளைகள், மீன் என்று கேள்வியாகக் கேட்டேன். பிஸ்கட்டைத் திரும்பத் திரும்ப நீட்டினேன். அவர்கள் பாவம், மூக்கைச் சுருக்கிச் சுருக்கி அலுத்துப்போனார்கள். கதைக்கும் பெண் என்று எனக்கு ஊரில் பட்டம் விழுந்ததாகப் பிறகு அறிந்தேன்.

சித்திரை மாதம் தம்பியின் படத்தைப் பெட்டியிலிருந்து எடுத்து யன்னல் விளிம்பில் வைத்தேன். மோட்டார் சைக்கிளில் ஒரு காலை ஊன்றி, கண்ணைக் கூசிக்கொண்டு சிரிக்கும் படம். வேலை முடிந்து ஒரு பின்னேரம் வீட்டுக்கு வந்தால் அடுத்த வீட்டுக்காரி மேசையடியில் இருந்து கோப்பி குடிக்கிறாள். படத்துக்கு முன்னால் ஒரு சின்ன மெழுகுதிரி எரிகிறது.

எனக்கு மயிர்க்கால் எல்லாம் எழும்பிவிட்டது. நாங்கள் வேதக்காரக் குடும்பம், கிறிஸ்தவர்கள். படத்துக்கு மாலை போட்டு விளக்கு வைப்பது எங்கள் வீட்டு வழக்கமில்லை. ஆனாலும் அயலெல்லாம் அதைப் பார்த்து வளர்ந்த கண் இது. படத்துக்கு முன்னால் சுடர் எரிந்தால் அந்த ஆள் இல்லை. நான் பாய்ந்துபோய் ஊதி அணைத்தேன்.

"ஆர் உன்னைக் கொளுத்தச் சொன்னது? அவன் உயிரோட இருக்கிறான்! செத்தவைக்குத்தான் எங்கட ஆக்கள் விளக்கு வைக்கிறது!"

டேனிஷில் கத்தத் தொடங்கித் தமிழில் முடித்திருப்பேன். பாவி, அவள் என்ன செய்தாள்? டென்மார்க் முழுக்க யன்னலுக்கு யன்னல் மெழுகுதிரி எரிகிறது, வீடு வடிவாக இருக்கட்டும் என்று. அவளும் வடிவுக்குத்தான் ஏற்றியிருந்தாள். மிச்சக் கோப்பியைக் குடித்து முடித்தாள். கோப்பையைக் கழுவி வைத்துவிட்டுப் போனாள்.

இனி வரமாட்டாள் என்று நினைத்தேன். அடுத்த நாளும் அதே நேரம் கைப்பிடி திரும்பியது. வந்து இருந்தாள். எனக்கு வெட்கமாக இருந்தது. இருந்த மாவைக் குழைத்து ரொட்டி சுட்டு வைத்தேன். சாப்பிட்டுவிட்டு, தன் வயிற்றைத் தொட்டுக்கொண்டு முதன்முறையாகத் தானாகக் கதைத்தாள்.

"என்ர தம்பியும் வரேல்லை. ஐப்பசியில கடலுக்குப் போனவன். படகு மட்டும் வந்தது." கை இன்னும் வயிற்றிலேயே இருந்தது. "இந்தப் பிள்ளைக்கு அவன்ர பேர்தான். அவன் திரும்பி வாறான்."

அந்த ஊர் வழக்கத்தை அன்றுதான் அறிந்தேன். இறந்தவருடைய பெயரைப் பிறகு பிறக்கும் பிள்ளைக்கு வைப்பார்கள். ஆண் பெயர், பெண் பெயர் என்ற பிரிவு இல்லை. பெயரோடு ஆளும் வந்துவிடுகிறார். உறவுமுறையும் கூடவே வரும். தாத்தாவின் பெயர் வைத்த குழந்தையைப் பாட்டி தன் புருஷன் என்று கூப்பிடுவாள். ஊரே அதற்கு மரியாதை கொடுக்கும்.

கேட்டபோது எனக்கு அது பிடிக்கவில்லை. ஐப்பசியில் தொலைந்தவனுக்குச் சித்திரையில் கணக்கை முடித்துவிட்டார்கள், என்ன அவசரம் என்று மனதுக்குள் குறை சொன்னேன்.

வைகாசியில் அவள் பிள்ளைப்பேற்றுக்காகப் பட்டணத்து ஆஸ்பத்திரிக்கு ஹெலிகொப்டரில் போனாள். அவள் போன அடுத்த வாரம், ஒரு மத்தியானம், கணவர் எடுத்தார்.

"இஞ்சேரும். எல்லாம் முடிஞ்சுதாம்."

"தம்பி?"

"ஒண்டும் தெரியேல்லையப்பா. சனம் எல்லாம் முகாமுக்குப் போகுதாம். அங்க போயிருப்பான்."

அவர் குரலில் நம்பிக்கையில்லை. நான் தொலைபேசியை வைத்துவிட்டு, வந்த நாள் தொட்டுத் தொடாத திறப்பைத் தேடி எடுத்து உள்ளே கதவைப் பூட்டினேன். நிலத்தில் இருந்து அழுதேன். கொஞ்ச நேரத்தில் கைப்பிடி திரும்பியது. நின்றது. மறுபடி திரும்பியது. பிறகு படியில் காலடிச் சத்தங்கள் கூடின. ஒருவரும் தட்டவில்லை, கூப்பிடவுமில்லை. போய்விட்டார்களா என்று யன்னலால் பார்த்தேன். ஆறேழு பேர் பனி கரைந்து ஈரமான படியில் வரிசையாக இருந்தார்கள். தேவாலயத்தில் மணி அடிப்பவர், கடைக்காரி, நான் பராமரிக்கும் அந்தப் புருவக்காரர். அவரைச் சறுக்கு வண்டியில் வைத்து இழுத்து வந்திருந்தார்கள். பகலில் பூட்டிய கதவு அந்த ஊரில் பெரிய செய்தி. உள்ளே ஒருவருக்கு ஏதோ நடந்துவிட்டது என்று பொருள்.

அந்த முதியவர் குளிரில் இருப்பதைப் பார்த்த பிறகு பூட்டி வைத்திருக்க முடியுமா? திறந்தேன். வந்தார்கள், சப்பாத்தைக் கழற்றினார்கள். கடைக்காரி தானே கோப்பி வைத்தாள். நான் எங்கள் ஊர்ப் பெண்கள் அழுவதுபோலத் தலையிலடித்துச் சத்தமாக அழுதேன். அழாதே என்று ஒருவரும் சொல்லவில்லை. ஆண்டவர் பார்த்துக்கொள்வார் என்றும் சொல்லவில்லை. என் கோப்பை ஆறினால் ஊற்றிவிட்டுச் சூடாக வைத்தார்கள். சாமம்வரை வெயில் அடிக்கும் காலம் அது. எத்தனை மணித்தியாலம் இருந்தார்களோ எனக்குத் தெரியாது. கதைக்காமல் ஒரு வீட்டில் இருப்பது எதற்கு என்று அன்றைக்கு எனக்கு விளங்கியது. நான் அவர்களுக்கு நன்றிகூடச் சொல்லவில்லை.

ஆனி மாதம் முகாமிலிருந்து தம்பியின் மனைவி, என் மச்சாளின் செய்தி வந்தது. அவளும் மகளும் உயிரோடு இருந்தார்கள். கடைசி நாட்களில் தண்ணீர் எடுக்கவென்று பிளாஸ்டிக் கானோடு போன தம்பி திரும்பி வரவில்லை. கண்டவர் இல்லை. இறந்தான் என்று சொல்பவரும் இல்லை.

அதே வாரம் கடல் திறந்தது. முதல் கப்பலில் என் அரிசிப் பெட்டி வந்தது. அடுத்த நாள் அடுத்த வீட்டுக்காரி குழந்தையோடு வந்து இறங்கினாள். பெண் குழந்தை. என் நிலைமையை யாரோ அவளுக்குச் சொல்லியிருக்க வேண்டும். வந்த அன்றே குழந்தையைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தாள். யன்னல் விளிம்பில் இருந்த படத்தை நெடுநேரம் பார்த்தாள்.

"இவளுக்கு என்ர தம்பியின்ர பேர் இருக்கு. இன்னொரு பேருக்கும் இடமிருக்கு," என்றாள். "உன்ர தம்பியின்ர பேரைத் தா."

எனக்கு மெழுகுதிரி கண்ட அன்று வந்த அதே கோபம் வந்தது. ஆனால் இந்த முறை கத்தத் தெம்பில்லை.

"தரமாட்டன். தந்தால் நானே அவனைச் சாகடிச்ச மாதிரி. அவன் நாளைக்கு வந்து நிண்டால்?"

அவள் என்னை வினோதமாகப் பார்த்தாள், இவ்வளவு சின்ன விசயம் இவளுக்குத் தெரியவில்லையே என்பதுபோல.

"வந்தால் ரெண்டு பேர் இருப்பினம். கோப்பியைக் கூடப் போட வேண்டியதுதானே."

"உன்ர தம்பி வந்தாலும் அப்பிடியோ?"

புருவத்தை உயர்த்தினாள்.

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. சித்திரையிலேயே கணக்கை முடித்துவிட்டாள் என்று அவளைக் குறை சொன்னேனே! அவள் ஒன்றையும் முடிக்கவில்லை. அவன் வருவதற்கு இன்னொரு வாசலையும் திறந்து வைத்திருந்தாள்.

ஆனாலும் அந்தப் பெயர் எனக்கு மட்டும் சொந்தமானதல்ல. முகாமுக்குள் யாரோ ஒளித்து வைத்திருந்த தொலைபேசி ஒன்றின் இலக்கத்தைக் கணவர் தேடித் தந்தார். மச்சாளிடம் விசயத்தைச் சொன்னேன்.  

"அவர் வந்தால் என்ன சொல்லுவியள் மச்சாள்?"

அடுத்த வீட்டுக்காரி சொன்னதை அப்படியே சொன்னேன். மச்சாள் சிரித்தாள். சின்னச் சிரிப்புத்தான், உடனே இருமலாகிவிட்டது. ஆனாலும் அது சிரிப்பு.

"அப்ப சரி. குடுங்கோ. ரெண்டு பேருக்கும் சேத்து உலை வையுங்கோ."

ஞானஸ்நானத்தன்று தேவாலயத்தில் குழந்தையின் பெயர்களைப் போதகர் வாசித்தார். கடைசியாக என் தம்பியின் பெயர் வந்தபோது அவருடைய நாக்கு இரண்டு இடத்தில் தடுக்கியது. ஊர் முழுக்க அதை முணுமுணுத்துச் சொல்லிப் பார்த்தது. அன்று வீட்டில் எல்லாருக்கும் கோப்பி, நான் சோறும் பருப்பும் காச்சினேன். அடுத்த வீட்டுக்காரி குழந்தையை என் மடியில் வைத்து, நான் பழக்கிக் கொடுத்த ஒரே சொல்லைச் சொன்னாள்.

"அக்கா."

அதற்குப் பிறகு வழியில் காணும் கிழவிகள்கூட, பொம்பிளைப் பிள்ளையைக் காட்டி, உன் தம்பி நல்லாப் பால் குடிக்கிறான், உன் தம்பி நேற்று முழுக்க அழுதான் என்று எனக்குச் செய்தி சொன்னார்கள். நான் ஹோர்சன்ஸுக்குத் திரும்பி இதைச் சொன்னபோது சபை அக்கா தலையில் கைவைத்தாள். "விசர் பிடிச்சு வந்திருக்கிறாய்," என்றாள். பரவாயில்லை என்றேன்.

தம்பி இன்னும் வரவில்லை. இறந்ததாக ஒரு சான்றிதழ் தருகிறோம், கையெழுத்துப் போடு என்று மச்சாளை அலுவலகங்களில் பலமுறை கேட்டுவிட்டார்கள். அவள் போடவில்லை. போடாதே என்றுதான் நானும் சொன்னேன். பெயரைக் கொடுத்தவள் இப்படிச் சொல்வது முரண் என்று கணவருக்குப் படுகிறது. எனக்குப் படவில்லை.

ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் அந்தப் பிள்ளைக்குத் தொலைபேசி எடுப்பேன். தமிழில் ஒரே ஒரு கேள்வி கேட்பேன், சாப்பிட்டியாடா என்று. அதன் அர்த்தம் அவளுக்குத் தெரியும். ஆனால் பதில் வராது.  புருவத்தாலோ மூக்காலோ பதில் சொல்லியிருப்பாள், எனக்குத்தான் தெரிவதில்லை.

பன்னிரண்டு வயதில் அவளுடைய வகுப்புப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் டென்மார்க்குக்குக் கூட்டி வந்தது. எங்களுக்குப் பக்கத்து நகரமான ஓகூஸில் சில வாரம் தங்கல். ஒரு சனிக்கிழமை மத்தியானம் ஆசிரியை அவளை எங்கள் வீட்டு வாசலில் இறக்கிவிட்டுப் போனார். நாங்கள் ஏற்கனவே சாப்பிட்டிருந்தோம். மணி அடிப்பாள் என்று கணவர் எழும்பி நின்றார். மணி அடிக்கவில்லை. கைப்பிடி திரும்பியது. சப்பாத்தைக் கழற்றினாள், நேரே குசினிக்குள் வந்து கதிரையில் இருந்தாள், யன்னலால் வெளியே பார்த்தாள். என் கடைசி மகன் தகப்பனிடம் டேனிஷில் முணுமுணுத்தான்.

"இவளுக்குக் கதவைத் தட்டவும் தெரியாதா?"

என் பிள்ளைகள் என்னோடு கதைப்பதும் டேனிஷில்தான், என்னைக் கூப்பிடுவதும் டேனிஷில்தான். அவள் யன்னலிலிருந்து திரும்பி என்னைப் பார்த்தாள்.

"அக்கா," என்றாள்.

"சாப்பிட்டியாடா?" என்று கேட்டேன்.

அவள் மூக்கைச் சுருக்கினாள்.

நான் உலை வைத்தேன். அவளுக்கு ஒரு சுண்டு அரிசி போதும். இன்னொரு சுண்டும் அளந்து போட்டேன்.